அடித்துத் திருத்திய சொல்

கடலூர் முதுநகரில் முஹம்மது இஸ்மாயில் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. சீனா பாய் வீடு எது என்று கேட்டால் ரயில்வே கேட்டிலிருந்தே கை நீட்டுவார்கள். அப்படிக் கூப்பிட்டவர்கள் கெட்ட எண்ணத்தோடு கூப்பிடவில்லை. குள்ளமாக இருந்தவர் குள்ள மரைக்காயர், பல் எடுப்பாக இருந்தவர் பல்லு பாய். இவனுக்கு முகம் அப்படி இருந்தது, அதனால் சீனா பாய்.

முகம் அம்மா கொடுத்தது. அத்தா அப்துல் ஜலீல் இளவயதில் கப்பலேறிப் பினாங்குக்குப் போய், துறைமுகத்துக்குப் பக்கத்தில் சோற்றுக்கடை வைத்தவர். அங்கே ஒரு சீனப் பெண்ணைக் கலிமா சொல்லவைத்து இஸ்லாத்தில் சேர்த்து, அமீருன்னிசா என்று பெயரிட்டு நிக்காஹ் செய்துகொண்டார். இஸ்மாயிலுக்கு எட்டு வயது நடக்கும்போது பினாங்கு ஜப்பான்காரன் கைக்குப் போனது. ஒருநாள் காலை, தெருவில் இருந்த சீனர்களை எல்லாம் வெளியே வரச் சொல்லி வரிசையில் நிறுத்தினார்கள். தலையில் சாக்குப்பை மாட்டிய ஒருவன் வரிசையோடு நடந்து, இவன், இவள் என்று விரலை நீட்டிக்கொண்டே போனான். விரல் காட்டியவர்களை லாரியில் ஏற்றினார்கள். அமீருன்னிசா முக்காடு போட்டிருந்தாள். இது என் சம்சாரம், நாங்கள் இந்தியாக்காரர்கள் என்று அத்தா சிப்பாயின் காலில் விழுந்து கதறினார். அவன் துப்பாக்கிக் கட்டையால் அவர் வாயில் இடித்தான். முன்பல் நான்கு தெறித்து விழுந்தன. லாரி போய்விட்டது. அதில் போனவர்கள் யாரும் திரும்பி வரவில்லை.

யுத்தம் முடிந்ததும் அத்தா மகனைக் கூட்டிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார். நாலு வருஷத்தில் மௌத்தாகிவிட்டார். இஸ்மாயில் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, திருப்பாதிரிப்புலியூரில் பொன்னுரங்கம் முதலியார் நடத்திய அச்சகத்தில் கம்போசிட்டர் ஆனான். ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பெட்டியிலிருந்து பொறுக்கி வரி கோர்க்கிற வேலை. பினாங்கில் படித்த கொஞ்சம் இங்கிலீஷும் கையில் இருந்ததால், பன்னிரண்டு வருஷத்தில் அந்த அச்சகத்தின் முதல் கை அவன்தான் என்று ஆனது. ருக்கையாவை நிக்காஹ் செய்துகொண்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அது 1962.

பொன்னுரங்கம் மாதம் ஒரு பாகமாகத் துப்பறியும் நாவல் வெளியிட்டு வந்தார். ரயிலிலும் பஸ் ஸ்டாண்டிலும் விற்கும். எழுதிக் கொடுத்தவர் சிதம்பரத்தில் ஒரு பள்ளியில் வாத்தியாராக இருந்த சபாபதி. பழைய புத்தகக் கடையில் கிடைக்கும் இங்கிலீஷ் நாவல்களைத் தமிழில் எழுதித் தருவார். மாதம் ஒருமுறை இஸ்மாயில் பாசஞ்சர் ரயிலில் போய் அவர் எழுதிய நோட்டை வாங்கி வருவான். அச்சானதும் பழைய நோட்டு சபாபதிக்கே திரும்பிப் போகும். சபாபதியின் மனைவி பட்டம்மாள் வெயிலில் வந்தவனுக்கு ஒரு சொம்பு மோர் கொடுப்பாள்.

அந்த வருஷம் சபாபதி எடுத்தது அமெரிக்காக்காரர் ஒருவர் முப்பது வருஷத்துக்கு முன்னால் எழுதிய நாவல். சான்ஃபிரான்சிஸ்கோவில் சலவைக்கடை வைத்திருக்கும் லிங் என்ற சீனன்தான் அதில் வில்லன். கடைக்குக் கீழே சுரங்கம். அதில் கடத்திவந்த வெள்ளைக்காரப் பெண்கள். சட்டைப் பையில் விஷம் தோய்த்த ஊசி. எலுமிச்சம்பழத் தோல், கத்தியால் கீறின மாதிரிக் கண், சிரித்தாலும் பொய், அழுதாலும் பொய், எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்ப் பாஷையை அந்த ஊர்க்காரனை விடச் சுத்தமாகப் பேசி ஏமாற்றுவான்.

இஸ்மாயில் இதையெல்லாம் எழுத்தெழுத்தாகக் கோர்த்தான். முதல் இரண்டு பாகத்தில் அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. கதைதானே என்று இருந்துவிட்டான். கைதான் ஓரிரு இடத்தில் நின்று நின்று போனது.

மூன்றாம் பாகத்தில் ஒரு குழப்பம் வந்தது. லிங்கின் வேலைக்காரன் ஒருவன் அறிமுகமாகிறான். நோட்டில் அவன் பெயர் பல இடத்தில் வாங் என்றும், ஓரிடத்தில் மட்டும் ராமா என்றும் இருந்தது. எது சரி என்று பார்க்க, அட்டைப்படம் வரையச் சபாபதியிடம் வாங்கி வைத்திருந்த இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்து விரலை வைத்து மெதுவாகப் படித்தான்.

அமெரிக்காக்காரர் எழுதியதில் வாங் என்று ஒருத்தனே இல்லை. வேலைக்காரன் ராமாதான். மதராஸிலிருந்து கப்பலில் வந்த இந்தியன். கறுத்த உடம்பில் எண்ணெய் வழியும், பக்கத்தில் வந்தால் நாற்றம் குடலைப் புரட்டும், எஜமான் உதைத்த காலையே நாய் மாதிரி நக்குவான், விரலசைத்தால் பெற்ற தாயின் கழுத்தையும் நெரிப்பான். இஸ்மாயில் நோட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். சபாபதி முதலில் "இந்திய வேலைக்காரன்" என்றுதான் எழுதியிருந்தார். பிறகு அந்த இந்தியனைப் பேனாவால் அடித்து, மேலே "சீன" என்று திருத்தியிருந்தார்.

அடுத்தமுறை சிதம்பரம் போனபோது கேட்டுவிட்டான்.

"சார், பொஸ்தகத்துல வேலைக்காரன் ராமானு இருக்கு. நீங்க வாங்னு மாத்தியிருக்கீங்க."

சபாபதி சிரித்தார். "நம்ம ஜனங்க படிக்கிற கதைய்யா. அதுல நம்மாளையே நாயின்னு எழுதுனா மனசு நோவாதா? ஊட்டு வாசல்ல வந்து நிப்பாங்க."

"சீனாக்காரன எழுதுனா நோவாதா சார்?"

"இங்க எந்த சீனாக்காரன் இருக்கான், படிச்சிட்டு நோவறதுக்கு?"

சொன்ன பிறகுதான் எதிரே நிற்பவனின் முகத்தைப் பார்த்தார். "ஒன்ன சொல்லலப்பா. நீ நம்ம ஆளு" என்றார். மோர் சொம்போடு நிலைப்படியில் நின்றிருந்த பட்டம்மாள் கணவனை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

இஸ்மாயில் திரும்பி வந்து வாங் என்றே கோர்த்தான். நோட்டில் இருப்பதைக் கோர்ப்பது கம்போசிட்டர் வேலை. அந்தச் சமாதானத்தைத் தனக்குத்தானே அவன் எத்தனையோ தடவை சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

அக்டோபரில் சீனா எல்லையில் சண்டையைத் தொடங்கியது. ரேடியோ வைத்த ஓட்டல் வாசலிலெல்லாம் கூட்டம் நின்றது. பொன்னுரங்கம் சபாபதிக்கு ஆள் அனுப்பி, லிங்கைப் பீக்கிங்கின் உளவாளியாக மாற்றச் சொன்னார். சபாபதி மாற்றினார். லிங் குடிதண்ணீர்க் கிணற்றில் விஷம் கலக்கிற அத்தியாயம் அமெரிக்காக்காரரே எழுதாதது, சபாபதி சொந்தமாகச் சேர்த்தது. அட்டையில் மஞ்சள் மையில் ஒரு முகம், இரண்டு கோடாகக் கண், விரலிடுக்கில் ஊசி. அந்தப் பாகம் வந்த மூன்றாம் நாளே தீர்ந்து, மறுபடி அச்சடிக்க வேண்டியதாயிற்று.

"மனசுல வச்சிக்காத இஸ்மாயிலு. யாவாரம்" என்றார் பொன்னுரங்கம்.

முதுநகரில் யாரும் இப்போது சீனா பாய் என்று கூப்பிடவில்லை. எதையும் சொல்லிக் கூப்பிடவில்லை. டீக்கடையில் அவன் உட்கார்ந்தால் பெஞ்சின் அந்தப் பக்கம் காலியானது. ஒரு மத்தியானம் ருக்கையா தண்ணீர் எடுத்து வரும்போது பின்னாலிருந்து விழுந்த கல்லில் குடம் உடைந்தது. நனைந்த புடவையோடு வந்து நின்றவள், "இந்த மாசம் செதம்பரம் போவாதீங்க" என்றாள்.

"கடைசி பாகம். போவாம எப்படி?"

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்குச் சிதம்பரம் ஸ்டேஷனில் இறங்கினான். தோளில் துணிப்பை. அதில் சபாபதிக்குத் திருப்பித் தர வேண்டிய இங்கிலீஷ் புத்தகமும், அவர் பார்க்க வேண்டிய புரூஃப் தாள்களும். சட்டைப் பையில் குத்தூசி. கோர்த்த வரியில் தப்பான எழுத்தை நெம்பி எடுக்க எல்லா கம்போசிட்டரும் வைத்திருப்பது. மரப்பிடி போட்ட, விரல் நீள ஊசி.

கீழவீதி திரும்பும் இடத்தில் ஊர்வலம் எதிரே வந்தது. நூறு பேர் இருக்கும். நடுவில் மூங்கிலில் கட்டிய வைக்கோல் பொம்மை, அதற்கு மஞ்சள் பூசிய முகம். இஸ்மாயில் ஒதுங்கிச் சுவரோரம் நின்றான். ஊர்வலத்தோடு நடந்தவர்களில் கொளஞ்சி என்று ஒருவன். பண்ருட்டி லாரியில் கிளீனர், இருபத்திரண்டு வயது. முந்திரி மூட்டை இறக்க வந்த லாரி நின்றதால் கூட்டத்தில் சேர்ந்தவன். அவன்தான் முதலில் பார்த்தான்.

"டேய்... சீனாக்காரன்டா!"

ஊர்வலம் நின்றது. பொம்மையைத் தூக்கி வந்தவர்கள்கூடத் திரும்பினார்கள்.

"நான் முதுநகர்ங்க. முஸ்லிம்ங்க. பிரஸ்ல வேல பாக்கறேன்" என்றான் இஸ்மாயில்.

"தமிழு பேசுறான் பாரு! எப்டி சுத்தமா பேசுறான் பாரு!" என்றான் கொளஞ்சி.

யாரோ பையைப் பிடுங்கிக் கொட்டினார்கள். அட்டையில் சீனன் முகம் போட்ட இங்கிலீஷ் புத்தகம் விழுந்தது. புரூஃப் தாள்கள் விழுந்தன. ஓரமெல்லாம் சிவப்பு மையில் கொக்கி, சுழி, வெட்டுக்கோடு.

"இன்னாடா இது? எந்த ஊரு எழுத்து?"

"புரூஃப் திருத்தற குறிங்க, தப்பு எழுத்த..."

முதல் அறை காதோடு விழுந்தது. இரண்டாவது மூக்கில். அதன்பிறகு எண்ண முடியவில்லை. கீழே விழுந்தவனை விலாவில் மிதித்தார்கள். கொம்பு ஒன்று தோளில் இறங்கியது. அது இன்னொரு தடவை ஓங்கியபோது இஸ்மாயில் கால்களுக்கு நடுவே புகுந்து எழுந்து ஓடினான். ஓடத் தெரிந்த வீடு ஒன்றுதான் அந்த ஊரில். சந்தில் திரும்பி, சபாபதி வீட்டுக் கதவை இரண்டு கையாலும் இடித்தான்.

"சார்! நான்தான் சார், இஸ்மாயிலு! தொறங்க!"

ஜன்னலில் சபாபதியின் முகம் வந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முகம் விலகியது. உள்ளே பட்டம்மாளின் குரல், "தொறங்க, அந்த பாயிதாங்க, கொன்னுருவானுங்க" என்றது. "நீ சும்மா இரு" என்றது சபாபதியின் குரல். பிறகு தாழ்ப்பாள் விழும் சத்தம்.

அவனை அங்கேயே பிடித்தார்கள். வாசல்படியில் தள்ளி, கொளஞ்சி மார்மேல் ஏறி உட்கார்ந்து கழுத்தை நெரித்தான். கண் இருட்டிக்கொண்டு வந்தது. இஸ்மாயிலின் வலது கை தானாகவே சட்டைப் பைக்குப் போனது. குத்தூசியை எடுத்து மேலே குத்தினான். எங்கே குத்துகிறோம் என்று அவன் பார்க்கவில்லை. கொளஞ்சியின் இடது கண்ணில் அது இறங்கியது.

கொளஞ்சி போட்ட அலறலில் கூட்டம் ஒரு கணம் பின்வாங்கியது. அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு மண்ணில் உருண்டான். விரலிடுக்கில் ரத்தம் கொப்பளித்தது.

"ஊசி! விஷ ஊசி!" என்று யாரோ கத்தினார்கள்.

நாவலைப் படித்தவர்கள் அந்தக் கூட்டத்தில் நிறைய இருந்தார்கள். எல்லாருக்கும் அது உடனே புரிந்துவிட்டது.

"அந்தக் கைய ஒடைங்கடா!"

இரண்டு பேர் அவன் வலது கையைப் படியில் விரித்துப் பிடித்துக்கொண்டார்கள். மூன்றாவது ஆள் தெருவோரம் கிடந்த கருங்கல்லைத் தூக்கினான். முதல் அடியில் எலும்பு நொறுங்கும் சத்தம் இஸ்மாயிலுக்குக் கேட்டது. இரண்டாவது அடியில் அவனுக்கு எதுவும் கேட்கவில்லை. போலீஸ்காரர்கள் லத்தியோடு வந்து சேர்ந்தபோது நான்காவது அடி விழுந்திருந்தது.

கடலூர் ஆஸ்பத்திரியில் நினைவு வந்தபோது வலது கையில் முழங்கை வரை கட்டுப் போட்டிருந்தது. இடது கையைக் கட்டிலோடு விலங்கு போட்டிருந்தார்கள். ஒருவன் கண்ணைப் பறித்த கேஸ். அதோடு, சீனாக்காரன், உளவு என்ற சந்தேகம். இன்ஸ்பெக்டர் சபாபதியை விசாரித்தார். இந்தப் புத்தகமும் தாளும் உங்களுக்குக் கொண்டுவந்தவையா என்று கேட்டதற்கு, "அந்த ஆள எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டார் சபாபதி. பொன்னுரங்கம், என்னிடம் வேலை பார்ப்பவன்தான் என்று எழுதிக் கொடுத்தார். ஆனால் சிதம்பரத்துக்கு எதற்குப் போனான் என்பதற்குச் சாட்சி வேண்டும் என்றார்கள். பதினோரு நாள் இடது கையும் கட்டிலோடே கிடந்தது. ருக்கையா சோறு ஊட்டிவிட்டுப் போவாள். ஒவ்வொரு வாய்க்கும் நடுவே கான்ஸ்டபிள் அவள் டப்பாவைக் கிளறிப் பார்ப்பான்.

பன்னிரண்டாம் நாள் பட்டம்மாள் தனியாக பஸ் ஏறிக் கடலூர் வந்தாள். நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், நாவல் எழுதிய ஐந்து நோட்டையும் மேஜைமேல் வைத்தாள்.

"இது எங்க ஊட்டுக்காரரு கையெழுத்து. இத வாங்கத்தான் அந்த பாயி மாசாமாசம் வருவாரு. எங்கையால மோர் குடிச்சவரு. அன்னைக்கி எங்க கதவத்தான் தட்டுனாரு. நாங்க தொறக்கல."

புருஷனுக்கு எதிராகச் சொல்கிறாயே அம்மா என்று இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு, "எழுதிக்குங்க" என்று மட்டும் சொன்னாள். அன்று மாலை விலங்கைக் கழற்றினார்கள். போகிற வழியில் பட்டம்மாள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கட்டில் ஓரம் நின்று அந்தக் கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே திரும்பிப் போனாள்.

வழக்கு அடுத்த வருஷம் மஞ்சக்குப்பம் கோர்ட்டில் நடந்தது. இஸ்மாயிலை அடித்ததாக நான்கு பேர் மேல் ஒரு வழக்கு, கண்ணைக் குத்தியதாக இஸ்மாயில் மேல் ஒரு வழக்கு. கொளஞ்சி கூண்டில் ஏறினான். இடது கண் இருந்த இடத்தில் தோல் மூடித் தைத்திருந்தது.

"அவரு சீனா உளவாளினு ஒனக்கு யாரு சொன்னா?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

"பொஸ்தகத்துல போட்டிருந்திச்சி சார்."

"என்ன போட்டிருந்திச்சி?"

கொளஞ்சி மூன்றாம் வகுப்பு வரை படித்தவன். எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். ஆனால் பிடித்த இடங்களைத் திரும்பத் திரும்பப் படித்து மனப்பாடம் செய்திருந்தான். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தான். எலுமிச்சம்பழத் தோல். கத்தியால் கீறிய கண். எந்த ஊர்ப் பாஷையையும் அந்த ஊர்க்காரனை விடச் சுத்தமாகப் பேசுவான். அவன் கண்ணீரை நம்பாதே, அவன் கை எப்போதும் ஊசியைத் தேடும்.

ஒரு சொல் தப்பவில்லை. எதிர்ப் பக்கம் இஸ்மாயில் நின்றுகொண்டிருந்தான். அந்த வரிகளில் ஒவ்வொரு எழுத்தையும் இந்தக் கையால்தான் பொறுக்கி வைத்தான். எந்தச் சொல்லில் ஒற்று விட்டுப்போய்ப் பிறகு சேர்த்தான் என்பதுகூட நினைவிருந்தது. தன்னை அடித்தவன்மேல் வரவேண்டிய கோபம் அன்று அவனுக்கு முழுசாக வரவில்லை.

உயிருக்குப் பயந்து குத்தியதாக இஸ்மாயிலை விடுவித்தார்கள். கொளஞ்சிக்கு மூன்று மாதச் சிறை, மற்றவர்களுக்கு அபராதம்.

வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் அசைந்தன. மற்ற மூன்றும் வளைந்து கல்லாகிவிட்டன. வீட்டில் முறத்தில் உளுந்தைக் கொட்டி, இடது கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பழகினான். பொறுமை போய் முறத்தைச் சுவரில் எறிந்த நாட்கள் உண்டு. ருக்கையா கூட்டி அள்ளி மறுபடி அவன் முன்னால் வைப்பாள். ஆறு மாதத்தில் பாதி வேகம் வந்தது. பொன்னுரங்கம் மறுபடி வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

அறுபத்து நாலாம் வருஷம் நாவலை ஒரே புத்தகமாக மறுபதிப்புப் போட வேண்டும் என்று கடைக்காரர்கள் கேட்டார்கள். அந்த வேலை தொடங்குவதற்கு முன்னால் சபாபதி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முதுநகருக்கு வந்தார். இளைத்திருந்தார். வாசலிலேயே நின்று, "என்ன மன்னிச்சிடுப்பா" என்றார். "அன்னைக்கி பயந்துட்டேன். பொண்டாட்டி ரெண்டு வருசமா எங்கிட்ட மொகம் குடுத்து பேசல."

இஸ்மாயில் எழுந்து போய் இடது கையால் அவர் கன்னத்தில் அறைந்தான். கண்ணாடி தெறித்துத் தெருவில் விழுந்தது. இன்னொன்று அறைந்தான். உதடு கிழிந்து சட்டையில் ரத்தம் சொட்டியது. சபாபதி கையைத் தூக்கித் தடுக்கவில்லை. மூன்றாவதற்குக் கை ஓங்கியபோது ருக்கையா ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்துத் தொங்கினாள்.

அடித்ததில் எந்த நிம்மதியும் கிடைக்கவில்லை. இஸ்மாயில் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான். பிறகு கேட்டான்.

"மறுபதிப்பு போடப்போறாங்களாமே?"

"நீ வேணாம்னா நான் வேணாம்னு சொல்லிடறேன்."

"வேணாம்னு சொல்லாதீங்க. போடுங்க. ஆனா அந்த அமெரிக்காக்காரன் என்ன எழுதுனானோ அத அப்டியே போடுங்க. ராமா ராமாவாவே இருக்கட்டும்."

சபாபதி தெருவில் குனிந்து உடைந்த கண்ணாடியை எடுத்துத் தடவினார். "ஊரு சும்மா இருக்காதே" என்றார்.

"என் ஒடம்பு சும்மாவா இருந்திச்சி?"

சபாபதி எழுதிக் கொடுத்தார். கிணற்று அத்தியாயத்தை எடுத்துவிட்டார். வாங் போய் ராமா வந்தான், கறுப்பும் எண்ணெயும் நாற்றமும் நாயுமாக, மதராஸ் என்ற ஊர்ப் பெயரோடு. அந்தப் பக்கங்களை இஸ்மாயில் இடது கையால் தானே கோர்த்தான். பொன்னுரங்கம் தான் அச்சடிக்கும் நாவலைப் படிக்கும் பழக்கம் இல்லாதவர். அட்டையை மட்டும் பார்த்துத் தலையாட்டினார். அவரிடம் சொல்லாமல் செய்தது தப்பு என்று இஸ்மாயிலுக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தான்.

புத்தகம் வெளியான இரண்டாம் வாரம், மத்தியான வெயிலில் கொளஞ்சி அச்சக வாசலில் வந்து நின்றான். கையில் புத்தகம். இஸ்மாயிலின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய்த் திரும்பியது.

"பாய். அந்தாளு நம்மளயா இப்டி எழுதியிருக்கான்?"

"ஆமா."

"மொதல்லயேவா?"

"மொதல்லயே. வாத்தியாரு மாத்தி வச்சிருந்தாரு."

கொளஞ்சி புத்தகத்தைப் புரட்டி அந்தப் பக்கத்தை ஒற்றைக் கண்ணுக்கு அருகே வைத்து வாய்க்குள் படித்தான். முகம் கறுத்தது. "எங்கம்மா கழுத்த நான் நெரிப்பனா? எங்கம்மாவ அவனுக்குத் தெரியுமா?" என்றான். 

"எங்கம்மாவயும் அவனுக்குத் தெரியாது" என்றான் இஸ்மாயில்.

கொளஞ்சி புத்தகத்தைப் படியில் வைத்துவிட்டு எதிர்ச்சாரிக்குப் போய்ப் புளியமரத்தடியில் உட்கார்ந்துகொண்டான்.

சிதம்பரத்தில் அதற்கு முந்தின நாளே புத்தகத்தைக் குவித்துக் கொளுத்தியிருந்தார்கள். சபாபதி வீட்டு ஓட்டில் கல் விழுந்தது. கொளஞ்சி வந்து ஒரு மணி நேரத்துக்கெல்லாம் அச்சகத்துக்கும் ஆள் வந்துவிட்டது. முப்பது, நாற்பது பேர், கையில் கொம்பும் சைக்கிள் செயினும். தமிழனை நாய் என்று அச்சடித்தவன் எவன் என்று கத்திக்கொண்டு உள்ளே புகுந்தார்கள். முதலில் போனது கண்ணாடி. எழுத்துப் பெட்டிகளை இழுத்துத் தெருவில் கவிழ்த்தார்கள். அகரமும் ககரமும் சாக்கடையில் மழையாகக் கொட்டின. அச்சு மிஷினின் சக்கரத்தில் கடப்பாரையைச் செருகி ஒருவன் நெம்ப, இரும்பு கீச்சிட்டு முறிந்தது. குறுக்கே விழுந்த பொன்னுரங்கத்தை வேட்டி அவிழ இழுத்துப் போட்டார்கள்.

இஸ்மாயில் வாசலில் வந்து நின்றான். "அவர வுடுங்க. கோர்த்தவன் நான்தான்."

சட்டையைப் பிடித்தார்கள். "எங்கள நாயின்னு அச்சடிப்பியாடா?"

"நான் எழுதல. அமெரிக்காக்காரன் எழுதுனது."

"அச்சடிச்சது நீதானே?"

"ஆமா. போன தடவ சீனாக்காரன நாயின்னு எழுதுனதையும் நான்தான் அச்சடிச்சேன். அப்ப நீங்க யாரும் வரலியே."

ஒரு நொடி சட்டையைப் பிடித்த கை தளர்ந்தது. பிடித்தவன் அவன் முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தான். பின்னாலிருந்தவனுக்குப் பேச்சு எதுவும் காதில் விழவில்லை. அவன் ஓங்கிய கொம்பு இஸ்மாயிலின் நெற்றியைப் பிளந்தது. கண்ணில் ரத்தம் இறங்க அவன் படியில் சரிந்தான். எதிரே மரத்தடியில் கொளஞ்சி எழுந்து நிற்பது மங்கலாகத் தெரிந்தது. அவன் அடிக்கவும் வரவில்லை, தடுக்கவும் வரவில்லை. கூட்டம் கலைந்து போன பிறகு பார்த்தால் அங்கே இல்லை.

நெற்றியில் ஏழு தையல். மூன்றாம் நாள் இஸ்மாயில் வேலைக்குப் போனான். பொன்னுரங்கம் தெருவில் சாக்கை விரித்து, சாக்கடையிலிருந்து அள்ளிய எழுத்துகளைத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தார். கன்னம் வீங்கியிருந்தது. இஸ்மாயிலும் எதிரே உட்கார்ந்து அலசத் தொடங்கினான். ஒரு பெட்டிக்கு ஆகும் எழுத்து அலசி முடிந்தது.

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?" என்றார் பொன்னுரங்கம்.

"சொன்னா போட்டிருக்க மாட்டீங்க மொதலாளி."

பொன்னுரங்கம் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். உள்ளே போய்க் கிழிந்து கிடந்த பிரதி ஒன்றைத் தேடி எடுத்து வந்து நீட்டினார். "அப்டி என்னதான் எழுதியிருக்கான். படி."

இஸ்மாயில் ராமா வரும் இடத்தைப் படித்தான். பொன்னுரங்கம் முகத்தில் எதையும் காட்டாமல் கேட்டார். முடிந்ததும் சாக்கின் மேல் பரப்பியிருந்த எழுத்துகளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"மொத பதிப்புல, அந்த வாங் வர்ற பக்கம் இருக்கா?"

"இருக்கு."

"அதையும் படி."

பழைய பாகத்தை எடுத்து வந்து இஸ்மாயில் படித்தான். பெயரையும் ஊரையும் நிறத்தையும் தவிர எல்லாம் அதே வரிகள்தான். பாதியில் பொன்னுரங்கம் போதும் என்று கையை உயர்த்தினார். இஸ்மாயில் நிறுத்தவில்லை. பக்கத்தின் கடைசி வரி வரை படித்து முடித்துவிட்டுத்தான் புத்தகத்தைக் கீழே வைத்தான்.